வானத்திலிருந்து விழுவதற்கு ஒரு வலை

சித்தப்பா தஞ்சோங் தோக்கோங் கடற்கரைப் பக்கம் படகில் மீன் பிடித்தவர். அவர் கிழித்துக்கொண்டு வரும் வலைகளை, எங்கள் டத்தோ கிராமாட் வீட்டு வாசலில் உட்கார்ந்து சின்னம்மா முடிச்சுப் போட்டுச் சரிசெய்வார். பிறகு அந்தக் கடலை மண் கொட்டித் தூர்த்து அடுக்குமாடிகள் கட்டினார்கள். மீன் தூரமாய்ப் போய்விட்டது. சித்தப்பா படகை விற்றுவிட்டு, பாலேக் பூலாவ் மலையிலிருந்து டுரியான் என்ற முள் பழத்தை ஏற்றும் லோரிக்கு ஓட்டுநரானார்.

பழுத்த டுரியான் தானாகத்தான் விழும். மண்ணில் விழுந்தால் வெடித்துவிடும் என்று மரத்தடியில் தலைக்கு மேலே வலை கட்டுவார்கள். அங்கே தோட்ட முதலாளி ஒரு சீனத் தவுக்கே. அவர் தோட்டத்தில் கடையில் வாங்கிய வலைகள் அடிக்கடி கிழிந்துபோக, தன் வீட்டிலேயே நல்ல வலை கிடைக்கும் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

சின்னம்மாவுக்கு வந்ததே கோபம்.

"மீனு நீந்தி வந்து மாட்டும். இது முள்ளோட வானத்துலேர்ந்து வருதுங்க! வேற முடிச்சு வேணும்லா."

அந்த வேறு முடிச்சைத் தேடி வீடு ரெண்டுபட்டது. முடிந்த வலைத் துண்டையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே இழுத்துக் கட்டி, மேலேயிருந்து தேங்காய் போட்டுப் பார்ப்பார். போடும் வேலை எனக்கு. உடைந்த தேங்காய்களால் எங்கள் வீட்டில் தினமும் சட்னி.

பள்ளி விடுமுறையில் வலையை மலைக்கு ஏற்றிப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். காலை முழுவதும் கட்டி முடித்ததும் தவுக்கே வந்து வலையை இழுத்துப் பார்த்தார். யார் கட்டியது என்று மலாயில் கேட்டார். சித்தப்பா சின்னம்மாவைக் காட்டினார். தவுக்கே சிரித்தார். மீன் வலை வேறு, இது வேறு என்றார். இதன் கீழே தன் ஆட்கள் நடக்க வேண்டும், ஒரு பழம் தலையில் விழுந்தால் ஆள் செத்துவிடுவான், அவிழ்த்துக்கொண்டு போங்கள் என்றார்.

சின்னம்மா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, வலைக்கு அடியில் போய் நடுவில் நின்றார்.

"ஏய், வெளிய வா!" என்று சித்தப்பா கத்தினார்.

"விழட்டுங்க."

காற்று வந்தது. மேலே எங்கோ 'டப்' என்று ஒரு சத்தம். இலைகளைக் கிழித்துக்கொண்டு என் தலையைவிடப் பெரிய ஒரு பழம் நேராக இறங்கியது. வலை குழிந்து, சின்னம்மாவின் கொண்டையைத் தொட்டு, அப்படியே மேலே எழும்பியது. பழம் துள்ளி, உருண்டு, குழந்தை தொட்டிலில் கிடப்பதுபோல் கிடந்தது. ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. தவுக்கே தொப்பியைக் கழற்றிவிட்டார். உலகத்தில் எதற்குமே பயப்படாத ஒருவர் என் குடும்பத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற மரங்களுக்கும் வலை வேண்டும் என்று சொல்லி எங்களை அனுப்பிவைத்தார் தவுக்கே. லோரி மலைப் பாதையில் இறங்கியபோது சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். என் விரல்கள் நசுங்கி வலித்தன. வளைவுகளைப் பார்த்து நான்தான் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலும்.

"எனக்குப் பயமில்ல சின்னம்மா, கைய விடுங்க" என்றேன்.

இன்னொரு கையால் கொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாரே தவிர, வீடு வரும்வரை அவர் விடவே இல்லை.