அண்ணன் திரும்பி வந்த படம்

தாம்பரத்தில் வேலை கிடைத்து வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறையில் உடன் தங்கியிருந்த இருவரும் என்னைச் சினிமாவுக்கு அழைத்தார்கள். இருவரும் கம்பெனியில் மெஷின் ஓட்டுபவர்கள். தங்களுக்குள் மச்சான், என்னை மட்டும் சார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தப் படிப்பு வாங்கித் தந்த ‘சார்’ அது. என்னையும் ஒருநாள் மச்சான் என்று கூப்பிட மாட்டார்களா என்பதுதான் அப்போது என் ஆசையெல்லாம்.

"சீனாக்காரன் சண்டைப் படம் சார். பாத்துக்கீறீங்களா?"

"இல்ல."

"இத்தக்கூட பாக்காம இன்னாத்த படிச்சீங்கோ?"

திரையில் வாய் மூடிய பிறகும் இங்கிலீஷ் பேச்சு கேட்டது. ஒவ்வோர் அடிக்கும் ஈரத்துணியைக் கல்லில் அறைகிற சத்தம். நான் எதிர்பார்க்காதது, சண்டைகளுக்கு நடுவே இருந்த அமைதி. தாய் தகப்பன் இல்லாத அண்ணனும் தம்பியும் முற்றத்தில் பயிற்சி செய்வார்கள். பிறகு ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவார்கள்.

பாதியில் திரை வெளுத்தது. ஒரே பிரிண்டை எங்கள் தியேட்டரும் பல்லாவரத்துத் தியேட்டரும் பகிர்ந்து ஓட்டின. அடுத்த ரீல் பெட்டி அங்கிருந்து சைக்கிளில் வர வேண்டும். விசில் பறந்தது. "சீட்ட பாத்துக்கோங்க சார்" என்று இருவரும் டீக்குப் போனார்கள்.

மறுபடி படம் ஓடியபோது அண்ணன் செத்துக் கிடந்தான். தம்பி அவனைப் புதைத்துவிட்டு வந்து, கிண்ணத்தில் சோறு போட்டு, தொடாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு இருபுறமும் நாற்காலிகள் காலி. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில், வாசல் வழியே அண்ணன் உயிரோடு வந்தான். கிண்ணத்தை இழுத்துப் பாதிச் சோற்றை எடுத்துக்கொண்டான். தம்பி துளியும் ஆச்சரியப்படவில்லை.

"படம் எப்டி சார்?" வெளியே வந்ததும் கேட்டார்கள்.

"செத்துப்போன அண்ணன் வந்து கூட உக்காந்து சாப்பிடறான் பாருங்க. தனியா இருக்கறவனுக்கு அப்படித்தான் தோணும். நல்லா காட்டியிருக்காங்க."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்புத் தாங்காமல் பெட்டிக்கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு ரீலும் ஒண்ணா வந்துகீது சார். ஆப்பரேட்டர் அவசரத்துல பின்னாடி ரீல முன்னாடி ஏத்திட்டான். நாங்க எத்தினி வாட்டி பாத்துக்கீறோம்? அவன் துன்னுட்டு அப்பாலதான் சாவறான்."

நானும் சிரித்தேன். அன்று முதல் நான் சாப்பிட உட்கார்ந்தால், "இன்னா சார், அண்ணன் வந்தாரா?" என்பார்கள். கேலி வந்து சேர்ந்தது, சார் போகவில்லை.

அந்த வாரமே வேலை முடிந்து தனியாகப் போய் மறுபடி பார்த்தேன். பெட்டிகள் ஒழுங்காக வந்தன. அண்ணன் சாப்பிட்டு வெளியே போனான், அடுத்த ரீலில் செத்துக் கிடந்தான். தம்பி சோற்றின் முன் உட்கார்ந்திருந்தான். இனி என்னவென்று தெரிந்தும், கடைசி ரீல் வரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறைக்குத் திரும்பியபோது இருவரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"எங்க சார் பூட்டீங்கோ?"

கடைத்தெருவுக்கு என்றேன்.