பட்டுக்கோழியை வாளியில் முக்கினேன்

டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி கிர்ஸ்டன், பின்வளவில் பட்டுக்கோழிகள் வளர்க்கிறார். இறகெல்லாம் பஞ்சுபோல இருக்கும் அபூர்வ இனம். காலையில் தீனி போடுவது என் வேலை.

மார்ச் மாதக் குளிரில் ஒரு பேட்டுக்கோழி, முட்டையே இல்லாத கூட்டில் அடை கிடந்தது. தீனிக்கும் எழும்பவில்லை. அடை கலையட்டும் என்று, மன்னாரில் எங்கள் வீட்டில் செய்வதுபோல, அதை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தேன். ஊர்க்கோழி என்றால் உதறிக்கொண்டு ஓடிவிடும். இதுவோ நனைந்த பஞ்சாகச் சுருண்டு, நடுங்கி, கண்ணை மூடிவிட்டது.

"அந்தோனி, ஓடி வா!" என்று அறை நண்பனைக் கூப்பிட்டேன்.

அவன் தொட்டுப் பார்த்தான். "என்ன அண்ணை செய்தனீங்கள்? தண்ணி தோல் வரைக்கும் போயிட்டுது. கெதியா உள்ளுக்கு கொண்டு வாங்கோ!"

கிர்ஸ்டன் தலைமயிர் காயவைக்கும் மெஷினை எடுத்து வந்தார். மடியில் வைத்து வெகுநேரம் சூடு காட்டிய பிறகுதான் பேடு கண் திறந்தது. அவர் என்னை ஏசவில்லை. "பாவம், அது குஞ்சுக்குத்தானே காத்திருக்கிறது," என்று டேனிஷில் சொன்னார். மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பித்துவிட்டு, பதிலே இல்லாமல் இருக்கிறவன் நான். எனக்குச் சுருக்கென்றது.

இப்போது எந்தப் பேடு அடை கிடந்தாலும் நான் வாளியைத் தொடுவதில்லை. சேவல் உள்ள வீட்டில் முட்டை வாங்கி வந்து அதன் கீழே வைக்கிறேன். அன்று நான் முக்கிய அந்தப் பேடு ஐந்து குஞ்சு பொரித்துவிட்டது.

மன்னாரிலிருந்து என் ஆட்கள்தான் இன்னும் வரவில்லை.