கம்பத்தில் ஒரு பேட்டி

கம்பத்தில் ஏலத்தோட்ட ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தூறுகிறது. அமெரிக்காவில் ஒரு சிறிய கலைக் கல்லூரியில் இனக்குழு ஆய்வு படிக்கிறேன். தினமும் ஏலக்காய் பறிக்கக் கேரளத்துக்கு மலையேறிப் போகும் பெண்களைப் பற்றிக் கட்டுரை எழுத வந்திருக்கிறேன்.

பக்கத்தில் இருக்கும் முத்தம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஊரைவிட்டு வந்த கதையைச் சொல்கிறார். ஊரில் தென்னந்தோப்புக்காரர் முன்னால் செருப்புப் போட்டு நடந்ததற்காக, அவருடைய அப்பாவைத் தென்னையில் கட்டிவைத்து அடித்தார்களாம். வேகமாக எழுதிக்கொள்கிறேன். எந்த ஊர் என்று கேட்டால், என் தாத்தாவின் ஊரைச் சொல்கிறார்.

"எனக்கும் அதே ஊர்தாம்மா."

"அங்கன யாரு வீட்டுப் பிள்ளை ஆத்தா நீ?"

தாத்தா பெயரைச் சொல்கிறேன். முத்தம்மா சட்டென்று எழுந்து நிற்கிறார்.

"அடிச்சது அவுகதான். எம் பேரை எழுதிட்டீகளா? வேணாங்க. எந் தம்பி இன்னும் அங்கனதான் இருக்கான்."

"தாத்தா இறந்துட்டாரும்மா."

"மத்தவுக இருக்காகள்ல."

அந்தத் தென்னைகளுக்கு நடுவில்தான் தாத்தா என்னைத் தோளில் தூக்கித் திரிந்தார்.

எழுதிய தாளைக் கிழித்து முத்தம்மாவிடம் கொடுக்கிறேன். வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே ஜீப்பில் ஏறுகிறார்.