தாமிரம் அதிகம்

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 'எண்ணெய்ப் பரிசோதனை நிலையம்' என்று போர்டு மாட்டிய அன்றே ஒரு அம்மாள் தூக்குவாளியில் நல்லெண்ணெய் கொண்டுவந்து, "இதுல கலப்படம் இருக்கான்னு பாத்துச் சொல்லு தாயி, செக்குக்காரன் மேல எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றார். அப்புறம் கடலை எண்ணெய் வந்தது, தேங்காயெண்ணெய் வந்தது, ஒருமுறை மூட்டுவலித் தைலம்கூட வந்தது. நாங்கள் பார்ப்பது மெஷின் எண்ணெய். கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், காற்றாலை இவற்றுக்குள் கிடந்து கறுத்துப்போன எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில் எடுத்து அனுப்பினால் போதும். அதில் எந்த உலோகத் துகள் எவ்வளவு கலந்திருக்கிறது, தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, தூசி போயிருக்கிறதா என்று பார்த்து, உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று சொல்லிவிடுவோம். மெஷினைக் கழற்றவே வேண்டாம். இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் விளக்கி முடித்ததும் அந்த அம்மாள், "அப்ப நல்லெண்ணெய் பாக்க மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, தன் நேரத்தை நான் வீணாக்கியதைப் போலப் பார்த்தபடி படியிறங்கினார்.

எங்கள் குடும்பம் பாளையங்கோட்டையில் மூன்று தலைமுறையாக வாத்தியார் குடும்பம். வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்த பெண் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கறுப்பு எண்ணெயில் கையை விடுகிறாளே என்று வீட்டில் ஒரே வருத்தம். அக்கா ஒருத்திதான், "அவளுக்குப் பிடிச்சதைச் செய்யட்டும்" என்று என் பக்கம் நின்றாள். தினமும் காலையில் அவள் போன் பண்ணுவாள். என்ன குழம்பு, யார் வீட்டில் சண்டை, கோயிலில் யார் புதுச் சேலை கட்டி வந்தார்கள் எல்லாம் சொல்லுவாள். நானும் சொல்லுவேன். அவளுக்குத் தெரியாத விஷயம் என்னிடமும், எனக்குத் தெரியாத விஷயம் அவளிடமும் இருந்ததில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது களக்காட்டில். அத்தானுக்கு அங்கே அரிசி மில். போன வருஷம் அத்தானுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா ஒரு பொருத்தனை செய்தாள். மனுசன் நல்லபடியாக வீடு திரும்பினால், அடுத்த அசனத்துக்கு முழு அரிசியும் எங்கள் வயலில் விளைந்து, எங்கள் மில்லில் அரைத்ததாக இருக்கும் என்று. அசனம் என்றால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் வருஷத்துக்கு ஒருநாள் ஊர் மொத்தமும் கோயில் வளாகத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவது. அத்தான் வீடு திரும்பினார். மாடிப்படி ஏறினார். மறுபடியும் எல்லோரையும் திட்ட ஆரம்பித்தார். "கர்த்தர் அவரு பங்கச் செஞ்சிட்டாரு ஏட்டி. இனி நம்ம பங்குதான்" என்று அக்கா தினமும் சொல்லுவாள். பொருத்தனையைச் செலுத்தாமல் விட்டால் கொடுத்ததைக் கர்த்தர் திரும்ப வாங்கிக்கொள்வார் என்று ஒரு பயம் அவள் குரலில் இருக்கும்.

அந்தப் பயத்தால்தான் நானாகவே மில்லின் எண்ணெயைக் கேட்டேன். அவித்த நெல்லை உலர்த்துகிற டிரையருக்குத் தூக்கிக் கொடுக்கும் எலிவேட்டர் ஒன்று அங்கே உண்டு. அதை ஓட்டுவது ஒரு கியர்பாக்ஸ். போனதடவை போயிருந்தபோது அதன் சத்தம் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குப்பி எண்ணெய் அனுப்புங்கள், காசு வேண்டாம் என்றேன். வந்தது. பார்த்தால் எண்ணெய் தேன் மாதிரி தெளிவாக இருக்கிறது. பத்து வருஷம் ஓடிய கியர்பாக்ஸில் இப்படி எண்ணெய் இருந்தால் அது அற்புதம், அல்லது அயோக்கியத்தனம். மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். உலோகம் ஒன்றும் இல்லை. வெள்ளை வெள்ளையாக நூல் இழைகள்தான் இருந்தன.

மில்லில் எண்ணெய் போடுகிற ஆளைப் போனில் பிடித்தேன். "முதலாளியோட கொழுந்தியா ஆபீசுக்குப் போறதுன்னு சொன்னாவ. அழுக்கா அனுப்புனா நமக்கு மரியாதையா மேடம்? புது வேட்டித் துணியில ரெண்டு தடவ வடிகட்டித்தான் அனுப்புனேன்" என்றார். நான் தேடிக்கொண்டிருந்தது அத்தனையும் அந்த வேட்டித் துணியில் இருந்தது. பரவாயில்லை, அந்தத் துணியையாவது அனுப்புங்கள் என்றேன். "அத அப்பமே தொவச்சுக் காயப் போட்டாச்சே" என்றார் பெருமையாக.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இந்த ஊரில் எனக்கு வருகிற குப்பிகளில் பாதி இப்படித்தான். ஒரு நூல் மில்லில் இருந்து, பேரலில் இருந்த புது எண்ணெயையே ஊற்றி அனுப்பினார்கள். பழசை எப்படி ஒருவருக்குக் கொடுப்பது என்று கேட்டார்கள். வெளியாள் கண்ணில் நம் வீட்டு அழுக்கு படக்கூடாது என்று நினைக்கிற ஜனங்களிடம் அழுக்கைக் கேட்டு வாங்கிப் பிழைக்கும் தொழிலை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். வாத்தியாராகவே போயிருக்கலாம்.

இரண்டாவது குப்பி, மெஷின் ஓடும்போதே, வடிகட்டாமல் எடுத்தது. அதில் விஷயம் தெரிந்தது. செம்புத் துகளும் வெள்ளீயத் துகளும் எகிறியிருந்தன. இரண்டும் சேர்ந்து வந்தால் வெண்கலம். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் வெண்கலப் பல்சக்கரம் தேய்கிறது. கூடவே உமித்தூசி. உமியில் மணலுக்கு உள்ள அதே சத்து உண்டு, பல்லை அராவிவிடும். எப்படி உள்ளே போனது என்று விசாரித்தால், கியர்பாக்ஸ் மூச்சுவிடுகிற துவாரத்தின் மூடி எப்போதோ தொலைந்துபோய், ஒரு பழந்துணியைச் சுருட்டி அடைத்திருக்கிறார்கள்.

அத்தானுக்கு இங்கிலீஷ் ரிப்போர்ட் ஆகாது. "எனக்குப் புரியாததை எனக்கு என்னத்துக்கு அனுப்புத?" என்பார். அதனால் அழகான தமிழில் தட்டெழுதி வாட்ஸாப்பில் அனுப்பினேன். முதல் வரியிலேயே தடித்த எழுத்தில்: தாமிரம் மிக அதிகம். கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு வந்தது. அத்தான் குரலில் அப்படியொரு பூரிப்பு. "பாத்தியா கொழுந்தியா! தாமிரபரணித் தண்ணியில தாமிரம் இருக்கு, உடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லும். இப்ப நம்ம மெஷினுக்குள்ளயும் ஊறியிருக்கு பாரு!" களக்காட்டில் ஓடுவது பச்சையாறு. ஆனால் பெருமை என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எல்லா வாய்க்காலிலும் தாமிரபரணிதான் ஓடும். ரிப்போர்ட்டை மில் உரிமையாளர்கள் குழுவிலும் போட்டுவிட்டார். கைதட்டுகிற படங்கள் நிறைய வந்தனவாம். செம்பு என்று எழுதியிருக்கலாமே என்று என் கூட வேலை பார்ப்பவர் கேட்டார். எழுதியிருந்தால், தண்ணீர் குடிக்கிற செம்பு எப்படி உள்ளே விழுந்தது என்று அத்தான் ஆள் ஆளாகப் பிடித்து விசாரித்திருப்பார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பஸ் ஏறிவிட்டேன். மில் முற்றத்தில் பிசானப் பருவ அறுப்பு நெல்லோடு வந்த விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா எனக்கு மோர் கொண்டுவந்தாள். நான் பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். சக்கரம் தேய்கிறது, பேட்டைப் பட்டறையில் வார்த்துக் கடைந்து வர ஒரு வாரம் ஆகும், இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அத்தான் சிரித்தார். "தாமிரம் கெடுதல்னு நீ போன்ல சொன்ன அன்னைக்கே எண்ணெயை மாத்தியாச்சு. இப்ப தாமிரம் போயிட்டு. அறுப்பு முடியட்டும், பாத்துக்கிடலாம்" என்றார். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது.

"முடியாது அத்தான். அறுப்பு முடியாது. நெல்லு உள்ள கெடக்கும்போதே நிக்கும். எழுதி வச்சுக்கிடுங்க" என்று முற்றமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அக்கா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, பேசாத. உனக்குக் கருநாக்கு!"

கருநாக்கு என்றால் சொன்னது பலிக்கிற நாக்கு, அதுவும் கெட்டது மட்டும் பலிக்கிற நாக்கு. சின்ன வயதில் எதிர்வீட்டுப் பப்பாளி மரம் விழுந்துவிடும் என்று சொன்னேன், விழுந்தது. அடியில் கரையான் ஏறியிருந்ததைப் பார்த்துத்தான் சொன்னேன். அது யார் காதிலும் ஏறவில்லை. நாங்கள் வேதப்பள்ளியில் வளர்ந்த குடும்பம், கண்ணேறு, கருநாக்கு இதையெல்லாம் நம்ப மாட்டோம். அதற்கு எதிராக ஜெபம் மட்டும் பண்ணுவோம். நான் பஸ் ஏறியதும் அக்கா போதகரை அழைத்து மெஷின் முன்னால் நின்று நீண்ட ஜெபம் செய்யச் சொல்லியிருக்கிறாள். கியர்பாக்ஸின் தொலைந்துபோன மூடியைப் பற்றி ஜெபத்தில் ஒரு வார்த்தைகூட வரவில்லை என்று பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நின்றது. மற்றவர்கள் நெல் ஓடியபோதெல்லாம் ஓடிவிட்டு, அசனத்துக்கு முந்தின வாரம், அக்காவின் பொருத்தனை நெல் அவிந்து சுடச்சுட இறங்கியபோது நின்றது. நான் போனபோது கியர்பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்கள். சக்கரத்தின் பல்லெல்லாம் கத்தி முனைபோல் மெலிந்திருந்தது. அடியில் எண்ணெய் பொன்துகள் கலந்ததுபோல மினுங்கியது. அத்தான் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதுதான் தாமிரமா?"

"ஆமா அத்தான்."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நெல்லை வெளியே எடுத்து உலர்த்துவதற்குப் பழைய களமும் இல்லை, அங்கே குடோன் கட்டியாயிற்று. அள்ளி ரோட்டோரம் பரப்பினால், பருவம் தப்பி ஒரு தூறல். மறுநாளே புளித்த வாடை கிளம்பிவிட்டது. மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும் என்றார்கள். அக்கா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள், விரலை விரித்துக் கீழே விட்டாள். "உங்கிட்ட எத்தன தடவ சொன்னேன், வாய வைக்காதன்னு" என்றாள். கத்தவில்லை. மறுநாள் காலை போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. முதலில் எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளதைச் சொன்னவளுக்கு இதுவா கூலி என்று பாத்திரத்தை எல்லாம் சத்தமாகத் தேய்த்தேன். பிறகு அழுகைதான் வந்தது.

தொழிலோ ஓகோவென்று ஆகிவிட்டது. அத்தான் போகிற இடமெல்லாம், "அவ சொன்னா நடக்கும்வே, எம் மில்லுல நடந்துச்சுல்லா" என்று சொல்லியிருக்கிறார். நான் வருஷக்கணக்கில் விளக்கி நடக்காததைக் கருநாக்கு ஒரே வாரத்தில் நடத்திக் காட்டியது. குப்பிகள் வடிகட்டாமல் வந்தன. ஒன்றோடு ஒரு தார் வாழைப்பழம் வந்தது. "கொஞ்சம் நல்ல வார்த்தையா எழுதுங்கம்மா" என்று ஒரு மில்காரர் கையைக் கூப்பினார். இன்னொரு அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எதுத்தாப்புல உள்ள மில்லைப் பத்தியும் ரெண்டு வார்த்த சொல்லுங்களேன்" என்றார்.

அசனத்துக்கு ஏர்வாடியில் அத்தானுக்குத் தெரிந்த ஒரு பாய் மில்லிலிருந்து அரிசி வந்தது. நல்ல அரிசி. போகலாமா வேண்டாமா என்று குழம்பிவிட்டுப் போனேன், பெண்கள் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தேன். அக்கா சோறு வைத்துக்கொண்டே வந்தாள். இளைத்திருந்தாள். என் இலைக்கு வந்ததும் கரண்டி நின்றுவிட்டது.

"ஏட்டி" என்றாள், மெதுவாக. "நீ சொன்னா நடக்கும்லா?"

"அக்கா, நான் சொன்னதுனால இல்ல. சக்கரம் தேஞ்சி..."

"அது எனக்குத் தெரியாது. நீ சொல்லு. அடுத்த அசனத்துக்கு என் மில்லு அரிசிதான்னு உன் வாயால சொல்லு. இல்லாட்டி அவுகளுக்கு..." என்றவள் மேலே சொல்ல முடியாமல் உதட்டைக் கடித்தாள்.

பின்னாலிருந்து யாரோ, "சோறு வரட்டும்" என்று குரல் கொடுத்தார்கள். புதுச் சக்கரம் மாட்டியபிறகு அந்த மெஷினின் எண்ணெயை நான் ஒரு சொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அத்தானின் நெஞ்சைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

"அடுத்த வருஷம் உன் மில்லு அரிசிதான் அக்கா" என்றேன், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "அத்தான்தான் முன்னால நின்னு மூட்டைய இறக்குவாக."

"ஆமென்" என்றாள் அக்கா. பக்கத்து இலைப் பெரியம்மாவும் எதற்கென்று தெரியாமலே ஆமென் என்றார். அக்கா என் இலையில் சோற்றை அள்ளி அள்ளி வைத்தாள், போதும் போதும் என்று நான் கையை நீட்டியும் வைத்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்திக்குப் போனாள். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை.