வால்வு ஸ்டாப்

நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் கடைசி பிளாக்கில் இருந்தது. அதைத் தாண்டினால் முந்திரிக் காடுதான். காலையில் தண்ணீர் திறந்துவிட ஒருவர் சைக்கிளில் வருவார். ஒடிசலான உடம்பு, காக்கிச் சட்டை, தோளில் ஆள் உயர இரும்புச் சாவி. பெயர் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் வால்வுக்காரர்.

சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீர்தான் எங்கள் குழாய்களில் வந்தது. பஞ்சமே கிடையாது. ஆனால் காட்டோரத்து வால்வு மட்டும் ஓயாமல் ஒழுகும். அங்கே குடிசை போட்டிருந்த காண்ட்ராக்ட் ஆட்களின் வீட்டுப் பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வேகம் குறைந்ததும் அவரை நிறுத்திக் கேட்டேன்.

"அந்த வால்வை டைட் பண்ணக் கூடாதாங்க?"

"தெனமும் பண்ணிகினுதான் இருக்கேன் சார். தண்ணிதான் நம்ம பேச்சக் கேக்க மாட்டேங்குது."

சொன்ன கையோடு போய் முறுக்கினார். ஒழுகல் நின்றது. பிறகு குனிந்து, குடம் வைக்கும் கல் ஆடாமலிருக்க அடியில் ஒரு ஓட்டுச் சில்லைச் செருகினார். நிறுத்திய தண்ணீருக்குக் கல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாள் வால்வு பழையபடி ஒழுகியது.

குடிசைகள் தெருவாயின. டீக்கடை வந்தது. பண்ருட்டி பஸ்ஸும் நிற்கத் தொடங்கியது.

ரிட்டயரான பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். "வால்வு ஸ்டாப் எறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்ததும் பாதி பஸ் எழுந்தது. இறங்கப்போன பெண்ணிடம் கேட்டேன்.

"வால்வு எங்கேம்மா இருக்கு?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்களே. எங்க ஊரு பேரே அதானுங்க."