மருதந்தடியும் குளியலறைக் கதவும்

மரம் அறுக்கிற மில்லில் அவளுக்குச் சாக்பீஸ் அக்கா என்று பேர். காதிடுக்கில் எப்போதும் ஒரு சாக்பீஸ் செருகியிருக்கும். லாரியிலிருந்து தடி இறங்கியதும் வெட்டுமுகத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, வளையங்களைப் பார்த்துக் கோடு போட்டுவிடுவாள். கோடு விழுந்த பிறகு மில் முதலாளியே வாய் திறக்க மாட்டார். இத்தனைக்கும் அவர் அவளுக்கு அண்ணன்.

அவள் கணக்கு சுலபம். தேக்கு சாது. ரொட்டி நறுக்குகிற மாதிரி வரிசையாகத் தட்டையாக அறுத்தாலும் சொன்ன பேச்சு கேட்கும். பலகை அகலமாகக் கிடைக்கும், ரேகை மலைமலையாக விழும். மருதம் முரடு. ஈரம் பட்டால் அகலவாட்டில் உப்பும். அதை நாலாகப் பிளந்து, பலகையின் முனையில் வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால்தான் அடங்கும். பலகை ஒடுங்கிப்போகும், கழிவும் அதிகம், வேலை இரட்டிப்பு.

இத்தனையும் தெரிந்த மகராசிதான் தன் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு மருதத்தைத் தட்டையாக அறுத்தாள். ஆசை, வேறென்ன? அந்த ரேகை அவ்வளவு அழகு. வந்தவர்களெல்லாம் கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் அடைமழையில் கதவு உப்பி நிலையைக் கவ்விக்கொண்டது. உள்ளே மாமனார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர், எண்பது வயது. வீட்டில் வேறு யாருமில்லை. கூச்சல் போட வெட்கப்பட்டுக் குவளையால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அக்கம்பக்கத்தார் கடப்பாரையோடு வந்து நெம்பித் திறந்தபோது, இடுப்பில் துண்டோடு அத்தனை பேர் முன்னாலும் நின்றார். யாரையும் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் அவளை அரித்தது. கதவை இழைத்து மறுபடி மாட்டியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கதவிடுக்கில் வாளியைக் கவிழ்த்து வைத்து, பாதி திறந்த கதவுக்குப் பின்னால் அவசர அவசரமாகக் குளித்தார். குளிக்கும்போது பாடுகிறவர், பாட்டையும் நிறுத்திவிட்டார். மூத்தவன் வீட்டுக்கே போய்விடட்டுமா என்று அவள் கணவரிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

பிளாஸ்டிக் கதவு போட்டுவிடலாம் என்றார் கணவர். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"மரம் அறுக்கிறவ வீட்டுல பிளாஸ்டிக் கதவா? கெடுத்தது நான். நானே சரிபண்றேன்."

அப்போது மில்லில் இருந்தவை இரண்டே தடிகள். தேக்கு வேறொருவரின் மேசைக்கு என்று பேசியாயிற்று. மிச்சமிருந்த பெரிய மருதந்தடியை நாலாகப் பிளக்க அவள் கோடு போட்டாள். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். தட்டையாக அறுத்தால் ரெண்டே பலகையில் கதவு முடிந்துவிடும், நீ ஆறு பலகை ஒட்டப்போகிறாயா, ஒரு குளியலறைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று முதல்முறையாக அவள் போட்ட கோட்டை எதிர்த்துப் பேசினார்.

"அழகைப் பார்த்துத்தான் போன தடவை ஏமாந்தேன், அண்ணா. மாமா கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா குளிக்கணும். எனக்கு அது போதும்."

பலகைகளை நடுவே குச்சி கொடுத்து அடுக்கி, எட்டு மாதம் நிழலில் காயவைத்தாள். கதவும் வந்தது. கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்நேரான ரேகை. யாரும் தடவிப் பார்க்கவில்லை. மாமனாரும் வாளியை எடுக்கவில்லை. அவள் வற்புறுத்தவில்லை. மழை வரட்டும், அதுவே பேசிக்கொள்ளும் என்று இருந்தாள்.

மழை வந்தது. மூன்று நாள் விடாமல் ஊற்றியது. அலமாரி இறுகியது, வாசற்கதவு முரண்டுபிடித்தது. நாலாம் நாள் காலை மாமனார் குளியலறைக் கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார். பிறகு வாளியை வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

அரை மணி ஆயிற்று. கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தட்டப் போனவரின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"தட்டாதீங்க. அவராத் திறந்துக்கிட்டு வரட்டும்."

உள்ளே, சுருதி சேராமல், பாட்டு ஆரம்பித்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம். பாட்டு முழுக்க முடிந்த பிறகே கதவு திறந்தது. தலையை வழித்துச் சீவி, சட்டைப் பொத்தான்களையெல்லாம் போட்டுக்கொண்டு, பழைய கார்டாகவே வெளியே வந்தார் மாமனார்.

"தாழ்ப்பாள் கிறீச்சுங்குதும்மா. கொஞ்சம் எண்ணெய் விடு. தினமும் போடணும்ல?"