ரோலர் கோஸ்டருக்கு எலுமிச்சம்பழம்

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற வழியில் புதிதாக ஒரு பார்க் கட்டுகிறார்கள். அதன் ரோலர் கோஸ்டருக்குத் தண்டவாளம் முழுக்க என் லாரியில்தான் வந்தது. இன்று மிச்ச இரும்பை ஏற்ற வந்திருக்கிறேன்.

ரயில் ஒரே பாய்ச்சலில் கிளம்பி, எதிரே இருக்கிற கோபுரத்தில் செங்குத்தாக ஏறி, வந்த வழியே பின்பக்கமாகத் திரும்பும். மணல் மூட்டை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். இன்றுதான் முதன்முதலாக ஆட்கள். முன் சீட்டில் மெக்கானிக் குமார். பட்டனை அமுக்க வேண்டியவள் அவன் மனைவி செல்வி, நகரி ஊர்க்காரி.

செல்வி அமுக்கவில்லை.

"கற்பூரம் காட்டியாச்சி. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கலியே சார்."

"தண்டவாளத்துல தூசிகூட இருக்கக் கூடாதும்மா," என்கிறார் இன்ஜினியர்.

"புது சைக்கிளுக்கே வெக்கிறோம். உள்ள குந்திக்கினு இருக்கறது எங்க ஊட்டுக்காரரு."

குமார் சீட்டிலிருந்து கத்துகிறான். "நீ இப்பிடியே நின்னா, துன்ன இட்லி இங்கியே வந்துடும்மே!"

செல்வி என் பக்கம் திரும்புகிறாள். "அண்ணா, இத்த தூக்கிக்கினு வந்தது உன் லாரிதானே? அத்த பழத்து மேல ஏத்துண்ணா."

என் லாரியின் முன் சக்கரங்களுக்கு அடியில் பழம் வைக்கிறாள். லாரியை மெல்ல நகர்த்துகிறேன். பழம் நசுங்குகிறது.

செல்வி ஓடிப்போய் அமுக்குகிறாள். ரயில் பாய்கிறது. கோபுரத்தில் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, பின்பக்கமாக இறங்கி வருகிறது. அதுவரை அவள் மூச்சே விடவில்லை.

தலையெல்லாம் கலைந்துபோய் குமார் சிரிக்கிறான். "இன்னொரு தபா அமுக்குமே!"

அவன் பக்கத்துச் சீட்டு காலியாக இருக்கிறது. நான் செருப்பைக் கழற்றுகிறேன்.